காலருக்குள் இருந்த பெயர்

பெட்டிகள் செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கின. மொத்தம் பதினான்கு. சீருடைக் கம்பெனி ஒவ்வொரு பெட்டியின் மேலும் சிவப்பாக ஓர் ஒட்டு ஒட்டியிருந்தது: சனிக்கிழமை ஆட்டம்வரை வெளியாட்கள் கண்ணில் படக் கூடாது. சாமான் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு முதல் பெட்டியைக் கீறித் திறந்தேன். உள்ளே கன்னங்கரேலென்று ஜெர்சிகள்.

எங்கள் கிரேலி ஸ்டேட் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் நிறம் பச்சையும் மஞ்சளும்; அணியின் சாமான்களுக்கு நான் பொறுப்பு. என் தகப்பனார் அந்தப் பச்சையில் ஆடியவர். நான் என் கல்யாணத்துக்கே பச்சை டை கட்டிக்கொண்டு போனவன்.

“யாரு செத்துட்டாங்க?” என்றாள் எங்கள் அணியின் தையல்காரி ரீவா.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான் ஒரு ஜெர்சியை எடுத்துக் காலரைத் திருப்பினேன். பின்கழுத்தில் படும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி தைத்திருந்தது. அதில் ஓர் ஆளின் பெயர், பக்கத்தில் வயது. அடுத்த ஜெர்சியில் வேறு பெயர், வேறு வயது. பெட்டிக்குள் இருந்த தாள் விவரம் சொன்னது. 1973 நவம்பரில் லிக் ஃபோர்க் மூன்றாம் எண் சுரங்கம் வெடித்ததில் இருபத்தேழு பேர் உள்ளேயே போய்விட்டார்கள். அவர்களுக்கு அஞ்சலியாக இந்த ஒரே ஓர் ஆட்டத்துக்கு நிலக்கரிக் கறுப்பில் சீருடை. ஹெல்மெட்டின் நெற்றியில் சுரங்க விளக்கு மாதிரி ஒரு மஞ்சள் வட்டம்.

“அஞ்சலியாம்,” என்றேன்.

“நம்ம கோச்சுக்கு லிக் ஃபோர்க் மலைக்கு எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது, டென்ஸில். அந்தப் பெரிய பையன் வரான்ல வெள்ளிக்கிழமை? அவனுக்குத்தான் இந்த அஞ்சலி.”

அவள் சொன்னது சரி. லிக் ஃபோர்க் எங்களுக்குத் தெற்கே தொண்ணூறு மைல். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் டால்ட்டன் ராட்லிஃப் என்று ஒரு பதினேழு வயதுப் பையன் இருந்தான். ஆறடி ஆறங்குலம், முந்நூற்றுப் பத்து பவுண்டு. எதிரணி முழுக்க வந்து இடித்தாலும் காலைப் பின்னால் எடுத்து வைக்க மாட்டான். தங்கள் அணியில் சேரச் சொல்லி இருபத்து மூன்று கல்லூரிகள் அவன் வீட்டுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தன. வருகிற பையன்களை ஓர் அறையில் நிறுத்தி, புதுச் சீருடை மாட்டி, புகை விட்டு, விளக்கடித்துப் படம் எடுப்பார்கள். பையன் அதை உலகத்துக்கே காட்டுவான். இப்போது ஆள் பிடிப்பதில் பாதி வேலை அதுதான். எங்கள் பச்சை மஞ்சளைப் பார்த்துப் போன வருஷம் ஒரு பையன் “டிராக்டர் கலர்” என்று சிரித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து கோச் ஹேகுடுக்குத் தூக்கமில்லை.

ரீவா லாக்ஹார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ நதிக்கரையில் போர்ட்ஸ்மத் ஊரில் பிறந்தவள். தாய் நியோமா செருப்பு ஆலையில் தோல் தைத்தவர். ரீவா பள்ளி முடித்ததும் கூடாரத் துணி தைக்கும் கடைக்கு வேலைக்குப் போனாள். லாக்ஹார்ட் என்ற லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். லாக்ஹார்ட் ஒரு நாள் லாரியோடு போனவன் விவாகரத்துத் தாளை மட்டும் தபாலில் அனுப்பினான். அந்த வருஷம் எங்களிடம் தையல் வேலைக்குச் சேர்ந்தவள். நான் சொல்லும் இந்த 2014 அக்டோபரில் அவளுக்கு வயது நாற்பத்தைந்து; சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். வீரர்களுக்கெல்லாம் அவள் மிஸ் லாக்ஹார்ட். ரீவா என்று கூப்பிடுவது நான் ஒருவன்தான்.

ஒரு முறை கொட்டும் மழையில், ஆட்டத்தின் நடுவே, ஒருவனுடைய ஜெர்சி தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்துவிட்டது. கழற்ற நேரமில்லை. அவனை மைதானக் கோட்டோரம் நிறுத்தி, உடம்பின் மேலேயே வைத்து ஒன்றரை நிமிஷத்தில் தைத்து அனுப்பினாள். “அசைஞ்சே, தோலோட சேர்த்துத் தைச்சுருவேன்” என்று அவள் அதட்டியதும் அந்த மலைமாடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போய் ஓட்டலில் இறங்கினால், முதல் வேலையாக மேஜை இழுப்பறையில் இருக்கும் டெலிபோன் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள். ‘ஸ்டம்போ’ என்ற பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவளுடைய அப்பன் பெயர் ஓர்வல் ஸ்டம்போ. அவளுக்கு மூன்று வயதாகும்போது வேறொரு பெண்ணோடு டொலிடோ பக்கம் போய்விட்டான் என்று நியோமா சொல்லியிருந்தார். மகளுக்குத் தன் குடும்பப் பெயரையே வைத்து வளர்த்தார்.

“கண்டுபிடிச்சா என்ன பண்ணுவே?” என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“போன் பண்ணி, நான் யாருன்னு சொல்லிட்டு வெச்சுருவேன். அவர் திரும்பக் கூப்பிடணும்னு நினைக்கும்போது நம்பர் இருக்கக் கூடாது.”

புதன்கிழமை மதியம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் ஜெர்சிகளின் முதுகில் வீரர்களின் பெயர்ப் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் ஹெல்மெட் வார்களைப் பொருத்திக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்து நான் நிமிரவில்லை. வெகு நேரமாகியும் மிஷின் ஓடவில்லை. நிமிர்ந்தேன்.

அவள் கையில் ஒரு சிறிய அளவு ஜெர்சி. பந்து உதைப்பவன் போடுகிற அளவு. காலரைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டென்ஸில், இதைப் படி.”

“ஓர்வல் ஸ்டம்போ. இருபத்தெட்டு.”

“சத்தமா படிக்காதே.”

என்னவாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்: “மலைப்பக்கம் ஸ்டம்போ நிறையப் பேரு இருப்பாங்க. ஓர்வல்ங்கற பேரும் அந்தக் காலத்துல...”

“எங்கப்பா நாப்பத்தஞ்சுல பொறந்தவர். எழுபத்து மூணுல என்ன வயசு?”

நான் கணக்குப் போடவில்லை. அவள் போட்டுவிட்டாள் என்பது தெரிந்தது.

ஒவ்வொரு பெயரும் நான்கு ஜெர்சியில் வந்திருந்தது. மற்ற மூன்றும் அதற்குள் வீரர்களின் அலமாரிக்குப் போய்விட்டன. இந்த நான்காவது யாருக்கும் ஒதுக்காதது. அவள் அதை மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்து மூடினாள். மறுபடியும் மிஷினை ஓட்டினாள். அன்று தைத்த பெயர்ப் பட்டைகளில் இரண்டு தலைகீழாக இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையால் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அவள் போன பிறகு நானே பிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமையும் அவள் தாய்க்குப் போன் செய்யவில்லை. “அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா?” என்று மட்டும் ஒரு முறை கேட்டாள். “தெரியலேன்னா அதைவிட மோசம், நான்தான் சொல்லணும்” என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு டால்ட்டன் ராட்லிஃப் வந்தான். கதவுக்குத் தலை குனிந்து உள்ளே நுழைந்த பையன். கூடவே அவன் தாய், ட்ரீமா. நாற்பது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த மேல்கோட்டோடேயே வந்திருந்தாள். கோச் ஹேகுட் பையன் தோளில் கையைப் போட்டு, எட்டாமல் எட்டி, படம் எடுக்கும் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே புகை மிஷின் சீறியது. ட்ரீமா எங்கள் பக்கமே நின்றுவிட்டாள். மாட்டியிருந்த கறுப்பு ஜெர்சிகளின் காலரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

“ஏங்க, ஒரு பேரு தேடுறேன்,” என்றாள் ரீவாவிடம். “எல்லாச் சட்டையும் இங்கதான் இருக்கா?”

“பாதி இருக்கு. என்ன பேரு?”

“எங்கப்பா பேரு. ஓர்வல் ஸ்டம்போ.”

என் கையிலிருந்த ஹெல்மெட் நழுவித் தரையில் உருண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரீவா தன் மேஜைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து அந்த ஜெர்சியை எடுத்துவந்தாள். ட்ரீமா காலரைப் பார்த்தாள். கட்டை விரலால் பெயரைத் தடவினாள். “அம்மாடி,” என்றாள். “நெசமாவே போட்டிருக்காங்க.”

“இது உங்க பையனுக்குக் கைக்குட்டை அளவுக்குத்தான் இருக்கும்,” என்றாள் ரீவா. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “உட்காருங்க. இந்தத் துணியை மட்டும் பிரிச்சு, அவன் சட்டையில வெச்சுத் தைக்கிறேன். படத்துக்கு அதைப் போட்டுக்கட்டும்.”

பையனின் ஜெர்சியை வாங்கிவந்து உட்கார்ந்தாள். பிரித்தாள். நூல் கோக்க மூன்று தடவை ஆயிற்று.

ட்ரீமா பேச்சுக்கு ஏங்கியிருந்தவள் போலப் பேசினாள். “நான் அவரைப் பார்த்ததே இல்லைங்க. அவரு போயி அஞ்சு மாசம் கழிச்சுத்தான் பொறந்தேன். எங்க ஊர்ல கல்லு நட்டு வெச்சிருக்காங்க, அதுல பேரு இருக்கு. ஆனா இந்த மாதிரி ஒருத்தன் உடம்பு மேல போட்டுக்கிட்டு ஓடுவான்னு...”

“உங்கம்மா?”

“போயி ஆறு வருஷமாச்சு.”

“உங்கப்பாவுக்கு லிக் ஃபோர்க்தானா?”

“இல்லைங்க. ஆத்தோரம் போர்ட்ஸ்மத். அங்க அவருக்கு மொதல்ல ஒரு குடும்பம் இருந்துச்சு. எங்கம்மா அதை ஒளிச்சதே இல்லை. ‘நான் செஞ்சது தப்புதான், ஆனா நீ தப்பில்லை’ன்னு சொல்லும். ஒரு பொண்ணு கூட இருந்துச்சாம். இதோ.”

கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் படம் பிடித்து வைத்திருந்தாள். ஒல்லியான ஓர் ஆள், கையில் ஒரு குழந்தை. குழந்தை அவன் தொப்பியைப் பிடுங்கப் பார்க்கிறது.

“பைபிளுக்குள்ள இருந்துச்சு. பின்னால எழுதியிருக்கு, ‘ரீவா ஜோ, ரெண்டு வயசு’ன்னு. சின்னதுலேருந்து தேடுறேன். ஒஹாயோ பூரா கேட்டாச்சு. ரீவா ஸ்டம்போன்னு ஒருத்தருமே இல்லை.”

ரீவா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த வேலையை முடித்தாள். முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

“ரீவா ஸ்டம்போன்னு தேடினா கிடைக்காது,” என்றாள். “அம்மா பேரை மாத்திட்டாங்க.”

“யாரோட அம்மா?”

“என்னோட.”

ட்ரீமாவுக்குப் புரியவில்லை. சிரிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். ரீவா தன் பர்ஸிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ட்ரீமா குனிந்து படித்தாள். ரீவா ஜோ லாக்ஹார்ட். பிறந்த ஊர் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் முகம் இருந்தது. உரிமத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“விளையாடாதீங்க,” என்றாள். “இதுல விளையாடக் கூடாதுங்க.”

“எனக்கும் விளையாட்டு இல்லை. புதன்கிழமைவரைக்கும் அவர் உயிரோட இருக்கார்னு நெனச்சிட்டிருந்தேன்.”

ட்ரீமா சட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. வெளியே ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன். ஓடவில்லை. ஹெல்மெட் பெட்டி ஒன்றின் மேல் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ரீவா பக்கத்தில் போகவும் இல்லை, விலகவும் இல்லை. நின்ற இடத்திலேயே ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அப்போது பார்த்து டால்ட்டன் வந்தான். கறுப்புக் கால்சட்டை, மஞ்சள் வட்டம் போட்ட ஹெல்மெட், மேலே பனியன் மட்டும். அவனைச் சுற்றிப் புகை இன்னும் கலையவில்லை. “சட்டை ரெடியா? அம்மா, பாரு, எப்படி இருக்கேன்?” என்று கையை விரித்தான்.

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

“என்ன? நல்லா இல்லையா?” என்றான் பையன்.

ஐந்து நிமிஷம் கழித்துச் சொன்னார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்ப நீங்க எனக்குப் பெரியம்மாவா?” என்று கேட்டான். ரீவா தலையசைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தாயையும் மகனையும் கோச் விருந்துக்கு அழைத்துப்போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று ரீவா தன் தாய்க்குப் போன் போட்டாள். “நீ பக்கத்துலயே நில்லு, டென்ஸில்,” என்று சொல்லி, எனக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“அம்மா, ஓர்வல் ஸ்டம்போ செத்துப்போனது உனக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

“யாரு சொன்னா?”

“ஒரு சட்டையில எழுதியிருந்துச்சு.”

“சட்டையிலயா?” என்றார் நியோமா. பிறகு சொன்னார்: “நான் உங்கிட்ட என்ன பொய் சொன்னேன்? போயிட்டான்னு சொன்னேன். போகலையா?”

“டொலிடோன்னு சொன்னே.”

“ஏதாவது ஒரு ஊர் சொல்லணுமில்ல.”

“நாப்பத்தொரு வருஷம்மா! உயிரோட எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கார்னு நாப்பத்தொரு வருஷம் அந்த ஆள் மேல கோவமா இருந்திருக்கேன். அவரு மண்ணுக்குள்ள கிடந்திருக்காரு.”

“கோவமா இருந்தா மனுஷி நிமிர்ந்து நிக்கலாம். நான் அப்படித்தான் நின்னேன். செத்துட்டான்னு சொன்னா நீ அழுதிருப்பே. அவனுக்காக என் வீட்டுல யாரும் அழக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

ரீவா காரின் மேல் சாய்ந்துகொண்டாள். நான் தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நியோமா, வேறு குரலில், மெதுவாகக் கேட்டார்:

“அது... என்ன கொழந்தை?”

“எது?”

“அவ வயித்துல இருந்தது.”

ரீவா போனை அணைத்துவிட்டாள். அணைத்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுவும் தெரிஞ்சிருக்கு,” என்றாள். “டென்ஸில், அதுவும் தெரிஞ்சிருக்கு.”

மறுநாள் ஆட்டம். இருபத்தேழு பெயரைக் கழுத்தில் சுமந்துகொண்டு எங்கள் பையன்கள் நாற்பத்து நான்குக்கு ஒன்பது என்று தோற்றார்கள். வெயில் அடித்தது, கறுப்பில் வெந்துபோனார்கள். கூட்டம் பாதியிலேயே எழுந்து போயிற்று. ரீவா கோட்டோரம் நின்று வேலையைச் செய்தாள். மேலே விருந்தாளிகள் வரிசையில் பேருந்துக்காரக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஆட்டத்தைப் பார்க்காமல் கோட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கோச் ஹேகுட் எங்களைக் கூப்பிட்டார். சனிக்கிழமை தோற்ற மனிதர் மாதிரியே இல்லை. முகம் பளபளவென்று இருந்தது.

“மிஸ் லாக்ஹார்ட்! ராட்லிஃப் பையன் உங்க தங்கச்சி மகனாமே! எனக்கு இது எப்படி இருக்குன்னு சொல்லட்டுமா? ஆகாசத்துலேருந்து பந்து வந்து கையில விழுந்த மாதிரி இருக்கு!”

அறை மூலையில் மிஸ்டர் ஓகில் இருந்தார். ஆள் பிடிக்கும் விஷயத்தில் கல்லூரி விதியை மீறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மெல்லிய மனிதர், மெல்லிய குரல்.

“ஒரு சின்ன விஷயம்,” என்றார். “மிஸ் லாக்ஹார்ட், நீங்க கல்லூரி ஊழியர். அந்தப் பையன் இன்னும் எந்தக் கல்லூரியிலயும் சேர்றேன்னு கையெழுத்துப் போடலை. அவன் குடும்பத்தோட உங்களுக்கு எத்தனை நாள் பழக்கம்?”

“வெள்ளிக்கிழமை நாலு மணியிலேருந்து.”

அவர் எழுதிக்கொண்டார். “அப்போ, முன்பழக்கம் இல்லை.”

“அவ என் தங்கச்சிங்க.”

“புரியுது. ஆனா முன்பழக்கம் இல்லை. பையன் கையெழுத்துப் போடுற நாள்வரைக்கும் நீங்க அவங்க வீட்டுக்குப் போகக் கூடாது, பேசக் கூடாது. ஒரு கேக் துண்டு கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா அவன் எங்கேயுமே ஆட முடியாம போயிடும்.”

“பிப்ரவரி வரைக்குமா?”

“பிப்ரவரி முதல் புதன்கிழமை.”

நான் வாழ்க்கையில் பல முட்டாள்தனங்களைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ரீவா மலைத்துப்போய் அவரையே பார்த்தாள். கோச் கையைத் தேய்த்துக்கொண்டே முன்னால் வந்தார்.

“அதுக்கு வழி இருக்கு! மேலிடத்துக்கு மனு போடுவோம், குடும்பம்னு விலக்குக் கேப்போம். கிடைக்கும். நான் எழுத வைக்கிறேன். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுறேன், நீங்களும் தங்கச்சியும் அந்தக் கறுப்புச் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு படம். பையன் நடுவுல. அப்புறம் அவன் வேற எங்க போவான்?”

ரீவா எழுந்தாள்.

“கோச், எங்கப்பன் பேரைக் கேக்காம காலர்ல தைச்சீங்க. சரி, எனக்கு அதனால ஒரு தங்கச்சி கிடைச்சா. அதுக்கு நன்றி. ஆனா என்னையும் எடுத்து அந்தச் சட்டையில தைக்காதீங்க.”

“யோசிச்சுப் பாருங்க, மிஸ் லாக்ஹார்ட், நாலு மாசம் பேசாம...”

“பேசாம இருக்கேன்.”

கோச் முகத்தில் அடித்தாற்போல் நின்றார். மிஸ்டர் ஓகில் மட்டும் கொஞ்சம் இளகினார். தன் எதிரிலேயே ஒரே ஒரு போன் பேசலாம் என்று சொன்னார். ரீவா நின்றபடியே பேசினாள்.

“ட்ரீமா, நான் ரீவா. பையன் எங்க சேரணும்னு நான் வாயே திறக்க மாட்டேன். பிப்ரவரி வரைக்கும் உங்கிட்டயும் பேச முடியாதாம். விதி. பிடிக்காம இல்லை, புரியுதா?”

“நாப்பது வருஷம் பேசாம இருந்தோம்,” என்றது ட்ரீமாவின் குரல். “இன்னும் நாலு மாசம்தானே.”

மிஸ்டர் ஓகில் அதையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நான்கு மாதம் ரீவா வேலையை மட்டும் பார்த்தாள். தாயோடும் பேசவில்லை. நியோமாவிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு ஸ்வெட்டர், ஒரு பழைய கவர். கவரில், ஓர்வல் செத்ததை அறிவித்துச் சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் நியோமாவுக்குப் போட்ட கடிதம். அப்படி ஒன்று வந்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்திருப்பேன். எடுத்து வைத்திருந்திருக்கிறார். ரீவா அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் படிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலை அவள் போர்ட்ஸ்மத்துக்குப் போன் போட்டு, “ஸ்வெட்டர் சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி முதல் புதன் அன்று கோச் அறையில் எல்லாரும் பெரிய திரை முன்னால் கூடினோம். லிக் ஃபோர்க் பள்ளி விளையாட்டரங்கம் திரையில் தெரிந்தது. மேஜையில் மூன்று கல்லூரிகளின் தொப்பிகள், எதை மாட்டுகிறானோ அங்கே சேர்வான்; அவற்றில் எங்கள் பச்சையும் ஒன்று. பக்கத்தில் ட்ரீமா. டால்ட்டன் பச்சைத் தொப்பி மேல் கையை வைத்தான். கோச் பாதி எழுந்துவிட்டார். பையன் தொப்பியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதன் பின்னால் இருந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

பயிற்சியாளர்களில் ஒருவர் சுவரைக் குத்தினார். கோச் ஹேகுட் மெதுவாகத் திரும்பினார்.

“ஒரு வார்த்தை,” என்றார் ரீவாவிடம். “ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க.”

ரீவா அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மிஸ்டர் ஓகிலைப் பார்த்தாள். அவர், “கையெழுத்து ஆயிடுச்சு. இனி உங்களுக்குத் தடை எதுவும் இல்லை,” என்றார். அந்த அறையிலேயே சிரித்த முகம் இரண்டுதான்.

“டென்ஸில், உன் வண்டியில ஹீட்டர் வேலை செய்யுதா?”

பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறு மைலுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ட்ரீமா வீட்டு வாசலில் முட்டளவு பனியில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றதில் என்னை உள்ளே கூப்பிட ஆளில்லை, நானே போனேன். உள்ளே பீன்ஸும் சோள ரொட்டியும், ஆரஞ்சு நிறம் பூசிய ஒரு பெரிய கேக்கும் இருந்தன. டால்ட்டன் அடுப்பங்கரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். குற்றவாளி மாதிரி இருந்தது அவன் முகம்.

“கோவமா, பெரியம்மா?”

“எதுக்குக் கோவம்? ஆனா ஒண்ணு கேக்கணும். ஏன் அந்தக் காலேஜ்?”

அவன் தாயைப் பார்த்தான். கோச்சைப் பற்றியோ, படிப்பைப் பற்றியோ, அந்தப் பெயரைப் பற்றியோ எதையாவது சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். நான்கு மாதம் ஒரு கல்லூரியே இவனுக்காகத் தவம் கிடந்திருக்கிறது.

“அவங்க ஹெல்மெட் சூப்பரா இருந்துச்சு,” என்றான்.

ரீவா வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பனி விட்டதும் சாலையோரம் சுரங்கத்தில் செத்தவர்களுக்கு நட்டிருந்த நினைவுக்கல்லுக்குப் போனார்கள். நான் வண்டியிலேயே இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரீவா கையுறையைக் கழற்றிக் கல்லின் மேலிருந்த பனியைத் துடைத்தாள், ஒரு பெயருக்கு மட்டுமில்லை, இருபத்தேழுக்கும்.

போன ஆகஸ்டில் நியோமா வந்தார். ரீவாவே போய் அழைத்துவந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ட்ரீமா வீட்டு முன்னால் கார் நின்றதும், “நான் இறங்கல,” என்று சொல்லிவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் கதவைத் திறக்கவில்லை. நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு.

கடைசியில் ட்ரீமா உள்ளே போனாள். இரண்டு தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு எடுத்துவந்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவை முழங்கையால் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஒரு தட்டை நியோமாவின் கைப்பை மேலேயே வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. நானும் ரீவாவும் புல்தரையில் நின்று பார்த்தோம். முதலில் நியோமா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முள்கரண்டியை எடுத்தார். பிறகு ஏதோ சொன்னார். ட்ரீமா ஏதோ சொன்னாள். வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. ரீவாவும் கேட்கவில்லை.